பழுதும் பழியும்

ஒழுங்காக இயங்கும் பொருளைப் பற்றி மாந்தர் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. விளக்கு எரியும்வரை மின்சாரத்தைப் பற்றிய நினைவு எவருக்கும் எழுவதில்லை. குழாயில் நீர் வரும்வரை அது வரும் வழியைத் தேடுவாரும் இல்லை. பொருள் நின்றுவிட்ட அந்தக் கணத்திலேதான் சிந்தனை விழித்துக்கொள்கிறது. அவ்வாறு விழித்த சிந்தனை இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்கிறது. ‘எது பழுதாயிற்று?’ என்பது ஒன்று. ‘யார் இதைக் கெடுத்தது?’ என்பது மற்றொன்று. முன்னது பழுதைத் தேடுகிறது. பின்னது பழியைத் தேடுகிறது. பழுது, பழி என்னும் இரண்டும் ஒலியால் நெருங்கிய சொற்கள். செயலால் வெகுதூரம் விலகியவை.

வீட்டிலும் பள்ளியிலும் பணியிடத்திலும் ஏதேனும் ஒன்று தவறிப்போகும்போது, இவ்விரு கேள்விகளுள் எதை முதலில் கேட்பது அறம்? காரணத்தை அறியும் முன்னே குற்றம் சாட்டுதல் தகுமா? காரணத்தை முழுதும் அறிந்தபின் குற்றம் என்று ஒன்று எஞ்சுமா? இவ்வினாக்களுக்கு விடை காண எளிய கருவி ஒன்று துணை செய்யும். அது, குயவர் பட்டறையில் நெடுநாள் உழைத்துப் பழையதாகிவிட்ட மின்சக்கரம்.

மண்ணும் சக்கரமும் குயவனும்

குயவர் தொழிலைக் காரண காரிய ஆராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. ஒரு காரியம் நிகழ்வதற்கு மூவகைக் காரணங்கள் வேண்டும் என்பது சைவ சித்தாந்தக் கொள்கை. குடத்திற்கு மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். உலகம் தோன்றிய முறையை விளக்கும்போது மாயையை மண்ணோடும், இறைவனுடைய சக்தியைச் சக்கரத்தோடும், இறைவனைக் குயவனோடும் ஒப்பிட்டுச் சித்தாந்திகள் உரைப்பர்.

குடம் உருவானதற்குக் காரணம் மூன்று என்றால், குடம் கோணிப்போனதற்கும் காரணத்தை மூன்று இடங்களில் தேட வேண்டும் அன்றோ? மண் நன்கு பிசையப்படாமல் உள்ளே காற்றுக் குமிழிகள் தங்கியிருக்கலாம். சக்கரத்தின் அச்சு தேய்ந்து தட்டு ஆடலாம். குயவனின் கை மண்ணுருண்டையை நடுவிலே நிலைநிறுத்தத் தவறியிருக்கலாம். மூன்றினாலும் விளைவது கோணற்குடமே. கோணலை மட்டும் பார்த்து, அது எதனால் வந்தது என்று எவரும் சொல்லிவிட இயலாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது ஒரு பழமொழி. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது மற்றொன்று. முதலாவது, தன் கைக்குரிய பிழையைக் கருவியின்மேல் ஏற்றுவாரை நகைக்கிறது. இரண்டாவது, ஏவியவனை விட்டுவிட்டுக் கருவியைக் கடிந்துகொள்வாரைத் திருத்துகிறது. இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். காரணம் இருக்கும் இடம் வேறு, கை நீட்டும் இடம் வேறு என்னும் நிலையையே இரண்டும் கண்டிக்கின்றன.

பேராக் மாநிலத்துச் சாயோங் ஊரில் நீர்க்குடுவையைச் சக்கரமின்றிக் கையாலேயே உருவாக்கும் மரபு உண்டு. அங்கே பிழை வந்தால் தேட வேண்டிய இடங்கள் மண்ணும் கையும் மட்டுமே. கோலால் சுழற்றிய சக்கரம் வந்தபோது தேடும் இடம் ஒன்று கூடியது. காலால் உதைக்கும் சக்கரமும், பின்னர் மின்சாரத்தால் சுழலும் சக்கரமும் வந்தபோது அவ்விடங்கள் பலவாயின. துணைக்காரணம் பெருகப் பெருக, பழுது ஒளிந்துகொள்ளும் மூலைகளும் பெருகின. இன்றைய வாழ்க்கையின் நிலையும் இதுவே. ஒரு பிள்ளையின் கல்விக்குத் துணையாக நிற்பவை இன்று எத்தனையோ! ஆகவே, அக்கல்வி தடைப்படும்போது தேட வேண்டிய இடங்களும் அத்தனையே.

தேடும் முறை

மின்சக்கரத்தின் துணைக்காரணம் ஒரு சங்கிலி போன்றது. சுவரில் உள்ள சாக்கெட், மூன்று முனைப் பிளக், அதனுள் இருக்கும் உருகி, இணைப்புக் கம்பி, சுவிட்ச், மிதிகட்டையோடு சேர்ந்த வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மோட்டார், பெல்ட், அச்சு, இவற்றின் முடிவில் மண் அமரும் தட்டு. இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்தாலும் தட்டு நின்றுவிடும். நின்ற தட்டோ எல்லாப் பழுதுக்கும் ஒரே முகத்தைத்தான் காட்டும்.

அனுபவமற்றவர், சக்கரம் நின்றவுடன், ‘மோட்டார் எரிந்துவிட்டது’ என்று தீர்ப்புக் கூறிவிடுவார். மோட்டார் பெரியது, விலை மிக்கது, ஆகவே பழுதும் அங்கேதான் இருக்கும் என்று மனம் துணிந்துவிடுகிறது. தேர்ந்த வயர்மேன் அவ்வாறு துணிவதில்லை. வெளியிலிருந்து உள்ளே செல்வது அவர் முறை. சாக்கெட்டில் மேசை விளக்கொன்றைச் செருகி மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால், சுவரின்மேல் ஐயம் நீங்குகிறது. அடுத்துப் பிளக்கைத் திறந்து உருகியைச் சோதிப்பார். பிரிட்டனில் 1947இல் தரப்படுத்தப்பட்டு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வழங்கும் இந்த மூன்று முனைப் பிளக்கின் தனிச்சிறப்பே, அதனுள் ஓர் உருகி அமைந்திருப்பதாகும். பின்னர், இணைப்புக் கம்பி பிளக்கை ஒட்டி வளையும் இடத்தை நோக்குவார். நாள்தோறும் மடங்கி மடங்கி, மேலுறை சிதையாமலே உள்ளிருக்கும் செம்பு இழைகள் அறுந்துபோவது அங்கேதான். சில காசு பெறும் சிறு பழுது, பல நூறு வெள்ளி பெறும் மோட்டாரின்மேல் பழி விழச் செய்கிறது.

வெளியே பழுதில்லை எனத் தெளிந்தபின், அவர் சங்கிலியைப் பாதியாகப் பகுக்கிறார். நடுவில் ஓரிடத்தில் மல்டிமீட்டரை வைத்து அளந்தால், அங்கே மின்னழுத்தம் இருக்குமாயின் பழுது அதற்கு அப்பால். இல்லையாயின் அதற்கு இப்பால். பத்து இடங்கள் ஐந்தாகின்றன. ஐந்து இரண்டாகவோ மூன்றாகவோ குறைகின்றன. ஒரு வேளையில் ஒன்றையே மாற்ற வேண்டும் என்பதும் அவர் விதி. உருகியையும் கம்பியையும் சுவிட்சையும் ஒருங்கே மாற்றினால் சக்கரம் சுழலக்கூடும். ஆனால், பழுது எங்கே இருந்தது என்னும் அறிவு கிடைக்காமலே போய்விடும். அறிவு கிடைக்காத வெற்றி அடுத்த முறை உதவாது.

சக்கரம் சுழலாமல் மோட்டார் ‘உம்’ என்று முனகும் நிலையும் உண்டு. அப்போது மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, தட்டைக் கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். கைக்குத் திரும்பாவிட்டால் பேரிங் இறுகியிருக்கலாம். எளிதாகத் திரும்பினால், மோட்டார் சுழலத் தொடங்குவதற்கு உந்துதல் தரும் மின்தேக்கி வலுவிழந்திருக்கலாம். வேறுவகை மோட்டாராயின் கார்பன் பிரஷ் தேய்ந்து தொடர்பு அறுந்திருக்கலாம். மின்தேக்கியைத் தொடுமுன் எச்சரிக்கை வேண்டும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அது மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதைத் தக்க முறையில் வெளியேற்றாமல் கை வைப்பவர் தாக்குண்பார். ஆகவே, இவ்வேலை பயிற்சி பெற்றவர்க்கே உரியது.

தேர்ந்தவரிடம் காணப்படும் இன்னொரு பழக்கம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. மல்டிமீட்டர் ‘மின்சாரம் இல்லை’ என்று காட்டினால் அவர் உடனே நம்பிவிடுவதில்லை. மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் அந்த அளவுகருவியை வைத்துப் பார்க்கிறார். கருவியின் மின்கலம் தீர்ந்திருந்தால் அது உயிருள்ள கம்பியையும் உயிரற்றது என்று காட்டும். அதை நம்பிய கையோ உயிரையே இழக்கும். பிறிதொன்றை அளக்கப் புகுமுன் அளவுகோலையே அளந்து பார்த்தல் வேண்டும் என்பது இதன் பாடம். தேர்வில் வகுப்பே தோற்றுவிட்டது என்று வருந்தும் ஆசிரியர், வினாத்தாளைத் திரும்ப எடுத்து ஒருமுறை படித்துப் பார்ப்பதும் இவ்வகையைச் சார்ந்ததே.

கம்பியின் நிறமும் ஒரு பாடம் புகட்டுகிறது. பிரிட்டானிய வழக்கைப் பின்பற்றிய பழைய கம்பிகளில் சிவப்பே மின்சாரம் வரும் கம்பி; கருப்பு அதன் திரும்பும் வழி; பச்சை எர்த் கம்பி. இன்றைய இணைப்புக் கம்பிகளில் இவை முறையே பழுப்பும் நீலமும் பச்சை மஞ்சளும் ஆகும். அமெரிக்க வழக்கிலோ கருப்பே மின்சாரம் தாங்கி வரும். ஒரே கருப்பு ஓரிடத்தில் அடங்கியும் இன்னோரிடத்தில் கொல்லும் ஆற்றலோடும் இருக்கிறது. பல கைகள் பல காலத்தில் திறந்து மூடிய பழைய சக்கரத்தில் நிறத்தைப் பார்த்து முடிவு செய்பவர் அறிவாளி ஆகார். அளந்து பார்த்தவரே அறிந்தவர். நிறத்தைக் கண்டு தீர்ப்புக் கூறும் வழக்கம் கம்பிகளோடு நின்றுவிடுவதில்லை என்பதைப் பல இனத்தார் கூடி வாழும் நாட்டினர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ மருத்துவர்க்கு வகுக்கும் நெறியும் இத்தகையதே. பிணி எது என்று தெளிதல், அது பிறந்த இடத்தைத் தேடுதல், அதன் பின்னரே தணிக்கும் வழியைக் கைக்கொள்ளுதல் என்னும் வரிசையை வள்ளுவர் வற்புறுத்துகிறார். அவ்வரிசையில் பழிக்கு இடமே இல்லை என்பது கருதத்தக்கது.

உருகி என்னும் சாட்சி

பழுதையும் பழியையும் மாந்தர் எவ்வாறு மயங்கிக் கொள்கின்றனர் என்பதற்கு உருகியினும் சிறந்த சான்று இல்லை. உருகி என்பது மெல்லிய ஒரு கம்பி. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் வந்தால் அது தன்னை உருக்கிக்கொண்டு வழியை அடைக்கிறது. எங்கோ கம்பியின் உறை கிழிந்திருக்கலாம். மோட்டாருக்குள் ஈரம் புகுந்திருக்கலாம். உலர்ந்த களிமண் தூசி அடைத்துச் சக்கரம் இறுகியிருக்கலாம். அந்தத் தீங்கை முதலில் உணர்ந்து, வீடு தீப்பற்றாமல் காத்துத் தான் அழிவது உருகியே.

ஆனால், உருகிக்குக் கிடைக்கும் பெயர் என்ன? ‘இந்த உருகி அடிக்கடி போய்விடுகிறது, இதுதான் தொல்லை’ என்பதே. 5 ஆம்பியர் உருகி இருந்த இடத்தில் 13 ஆம்பியர் உருகியைச் செருகுவோர் உண்டு. சிகரெட் உறையின் வெள்ளித் தாளைச் சுற்றி வைப்போரும் உண்டு. அவ்வாறு செய்தவுடன் சக்கரம் சுழல்கிறது. ‘பழுது நீங்கிற்று’ என்று பட்டறையில் மகிழ்ச்சி. உண்மையிலே பழுது நீங்கவில்லை. அதை அறிவித்த வாய்தான் அடைக்கப்பட்டது. இனி உருகிக்கு மாறாக இணைப்புக் கம்பி சூடேறும். அதைக் காண்பாரும் இல்லை; கேட்பாரும் இல்லை.

எர்த் கம்பியைக் கழற்றி விடுவதும், மின்கசிவு கண்டு இணைப்பைத் துண்டிக்கும் காப்புக்கருவியை விலக்கி வைப்பதும் இதே பிழையின் வேறு வடிவங்கள். 30 மில்லி ஆம்பியர் என்னும் சிறு கசிவிலேயே நொடியின் ஒரு பகுதிக்குள் துண்டிக்கும் கருவியை, ‘அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது’ என்று பழிக்கின்றனர். ஈரக் கையோடும் ஈர மண்ணோடும் அமர்ந்து வேலை செய்யும் குயவர்க்கு அந்தத் தொல்லையே உயிர்க் காவல்.

வகுப்பறையில் இந்த உருகி எந்த வடிவில் அமர்ந்திருக்கிறது? முதற் பாடவேளையிலேயே தூங்கி விழும் மாணவன் ஒருவன் இருக்கிறான் என்று கொள்க. இரவெல்லாம் பெற்றோரின் கடையில் உதவியவனாக இருக்கலாம். காலை உணவின்றி வந்தவனாக இருக்கலாம். வீட்டுச் சச்சரவில் உறக்கம் இழந்தவனாகவும் இருக்கலாம். அவனது தூக்கம் ஒரு செய்தி. வெயிலில் நிறுத்தித் தண்டித்தால் அவன் நாளை தூங்காமல் இருக்கக்கூடும். அடங்கிவிட்டான் என்று ஆசிரியரும் மகிழக்கூடும். ஆனால், அங்கே நிகழ்ந்தது பெரிய உருகியைச் செருகிய செயல்தான். செய்தி நின்றது, தீங்கு நிற்கவில்லை. அவன் உள்ளத்தில் எந்தக் கம்பி சூடேறுகிறது என்பதை இனி எவரும் அறியார்.

விட்டுவிட்டு வரும் பழுது

பழுதுகளுள் மிகக் கடினமானது விட்டுவிட்டு வருவது. சக்கரம் ஒரு மணி நேரம் நன்றாகச் சுழன்று, பின் நின்றுவிடுகிறது. பழுது பார்ப்பவர் வந்து சேரும்போது மீண்டும் சுழல்கிறது. ‘ஒன்றுமில்லையே’ என்று அவர் போனபின் மறுபடியும் நிற்கிறது. அவரை அழைத்த குயவர் பொய் சொன்னவர் போல் ஆகிறார்.

இங்கே ‘எங்கே?’ என்னும் வினாவைவிட ‘எப்போது?’ என்னும் வினா பயன் தருகிறது. சூடேறியபின் நின்று, ஆறியபின் ஓடுமாயின், மோட்டாரைக் காக்கும் வெப்பத் துண்டிப்பான் வேலை செய்கிறது என்று ஊகிக்கலாம். காற்றுப் புகும் துளைகளை மண்தூசி அடைத்திருக்கலாம். அல்லது அதன் ஆற்றலுக்கு மீறிய எடையுள்ள மண் ஏற்றப்பட்டிருக்கலாம். மிதியின் ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் வேகம் துள்ளுமாயின், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் அந்த இடம் தேய்ந்தோ தூசி படிந்தோ இருக்கலாம். காலத்தையும் நிலையையும் பொறுமையாகக் குறித்து வைப்பவருக்கே இப்பழுது தன் முகத்தைக் காட்டும்.

புத்தகத்தைப் பிழையின்றிப் படிக்கும் சிறுமி, கரும்பலகையில் எழுதியதைப் படிக்கும்போது தடுமாறுகிறாள். ‘தெரிந்திருந்தும் வேண்டுமென்றே செய்கிறாள்’ என்று கூறுவது எளிது. அவளை முன்வரிசையில் அமர்த்திப் பார்ப்பதும் எளிதே. முன்வரிசையில் தடுமாற்றம் நீங்குமாயின், பழுது அறிவில் இல்லை, கண்ணில் என்று தெரிந்துவிடும். இடம் ஒன்றே மாறியது. பிற யாவும் மாறவில்லை. வயர்மேன் கையாண்ட அதே முறைதான் இது. ஒரு மூக்குக் கண்ணாடியால் தீரக்கூடிய குறைக்கு, அச்சிறுமி ஆண்டுக்கணக்கில் ‘மந்தம்’ என்னும் பழியைச் சுமந்திருந்தால், அந்தப் பழிக்கு யார் பொறுப்பு?

எழக்கூடிய மறுப்பு

ஈண்டு ஒரு மறுப்பு எழும். ஒவ்வொரு பிழைக்கும் பின்னே ஒரு காரணம் உண்டு என்றால், உலகத்தில் குற்றவாளி என்று எவரும் இல்லை என்றாகிவிடாதா? திருடியவனுக்கு வறுமை காரணம். பொய் கூறியவனுக்கு அச்சம் காரணம். கடமையை மறந்தவனுக்கு வளர்ப்பு காரணம். இவ்வாறு காரணச் சங்கிலியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே போனால் பொறுப்பு என்னும் சொல்லே பொருளற்றுப் போகும் என்பர் சிலர். இம்மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ளும் மனப்பான்மை மாணவரிடத்தும் உண்டு, பெரியோரிடத்தும் உண்டு.

இதற்கு விடை, முன்னர்க் கண்ட மூவகைக் காரணத்திலேயே அடங்கியிருக்கிறது. மண்ணுக்கு அறிவில்லை, சக்கரத்துக்கு விருப்பமில்லை, குயவனுக்கு இரண்டும் உண்டு. ஆகவேதான் அவன் நிமித்த காரணமாகத் தனித்து வைக்கப்பட்டான். பொறுப்பு என்பது அறிவும் தெரிவும் கூடும் இடத்தில் பிறப்பது. தேய்ந்துபோன கார்பன் பிரஷைக் கடிந்துகொள்வார் இல்லை. ஆனால், ஆபத்தை அறிந்திருந்தும் பெரிய உருகியைச் செருகிவிட்டுக் காசு பெற்றுச் சென்றவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. காரணத்தைத் தேடும் முயற்சி அவரைக் காப்பாற்றவில்லை. அவரை அடையாளம் காட்டியதே அந்த முயற்சிதான். தேடாமல் சுமத்திய பழியோ, பெரும்பாலும் கடைசியாகச் சக்கரத்தில் அமர்ந்தவர் தலையில் விழுந்திருக்கும்.

எனவே, பழுது அறிதல் பொறுப்பை அழிப்பதில்லை. பொறுப்பை அதற்குரிய இடத்தில் வைக்கிறது. வேகத்தால் பழியை எல்லார்மீதும் தூவுவதும், இரக்கத்தால் எவர்மீதும் வைக்காமல் விடுவதும் இரண்டுமே உண்மைக்குப் புறம்பானவை. அறத்தின் வரிசை இதுவாகும்: முதலில் காரணம், அடுத்துத் திருத்தம், இறுதியில், வேண்டுமானால், வேண்டிய அளவில் மட்டும், கண்டனம்.

உவமை முடியும் எல்லை

எந்த உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் காட்டாமல் விடுவது நேர்மையாகாது. பழைய மின்சக்கரத்தைச் செப்பனிடுவது எப்போதும் அறிவுடைமை என்று கூற முடியாது. மோட்டாரின் சுருள் எரிந்து, கம்பிகளின் உறை வெடித்து, சட்டமே துருப்பிடித்துப் போனபின், அதைக் கழித்துவிடுவதே நன்று. இயங்குகிறது என்பதற்காக ஆபத்தான பொருளை வைத்திருப்பது சிக்கனமும் ஆகாது, பற்றும் ஆகாது. கருவியைக் கழித்துவிடும் உரிமை அதன் உடையவனுக்கு உண்டு.

மாணவனைக் கழித்துவிடும் உரிமை எவருக்கும் இல்லை. உவமை இங்கே நின்றுவிடுகிறது. மேலும், சக்கரம் பேசாது. அதனால் அதை அளக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை பேசும், ஆனால் அதைக் கேட்கும் செவி வேண்டும். ‘ஏன் இப்படிச் செய்தாய்?’ என்னும் வினாவை, விடை வேண்டிக் கேட்போரும் உளர். பிரம்பை ஓங்கிக்கொண்டு கேட்போரும் உளர். இரண்டிலும் சொற்கள் ஒன்றே. முன்னது பழுதைத் தேடுகிறது. பின்னது பழியை உறுதி செய்துகொள்கிறது. குழந்தைகள் இவ்வேறுபாட்டை மிக விரைவில் அறிந்துகொள்வர்.

இன்னும் ஒன்று. கல்வியில் மாணவனை மண்ணாகவும் ஆசிரியரைக் குயவராகவும் கூறுவது வழக்கம். அது பாதி உண்மையே. மண் தன்னைத் தானே வனைந்துகொள்வதில்லை. மாணவனோ வளர வளரத் தன்னைத் தானே வனைந்துகொள்ளத் தொடங்குகிறான். அவன் மண்ணாகவும் குயவனாகவும் ஒருங்கே இருக்கிறான். ஆகவே அவனுடைய பழுதைத் தேடும் பணியில் அவனையும் துணையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தன் குறையின் காரணத்தைத் தானே கண்டுபிடித்த மாணவனுக்குத் தண்டனை தேவைப்படுவதில்லை. வழி ஒன்றே தேவைப்படுகிறது.

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தமிழ்க் குயவர்களின் பொங்கல் பானைகளையும் அகல்விளக்குகளையும் மலேசியத் தமிழர் பலர் அறிவர். அத்தகைய பானை ஒவ்வொன்றும் மண், சக்கரம், கை ஆகிய மூன்றும் இசைந்ததன் பயனாகவே நிமிர்ந்து நிற்கிறது. கோணிய பானையைக் கண்டு மண்ணைத் திட்டும் குயவர் நெடுநாள் தொழில் செய்ய மாட்டார். பிசைந்ததை எண்ணிப் பார்ப்பார். அச்சை ஆட்டிப் பார்ப்பார். தம் கையையும் திருப்பிப் பார்த்துக்கொள்வார். தேடுபவர் தம்மையும் அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியாகக் கருதித் தேடும்போதே தேடல் நேர்மையுடையதாகிறது. பயிற்சிக் கல்லூரி தரும் முறைகள் பல. அவை யாவற்றுக்கும் அடித்தளமாக நிற்க வேண்டிய பண்பு இதுவே: பழி கூற விரையும் நாவை அடக்கி, பழுது காண விழையும் கண்ணைத் திறத்தல்.